தெய்வசிகாமணியின் பின்னூட்டம்

முதலில் லேப்டாப் திரையில் இருந்த கறுப்பை எடுக்கச் சொன்னாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறதாம்.

அவளுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகி, இனி நீங்களே வாசிக்கலாம் என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்றார்.

இப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்து அவள் கணவன் முந்தின நாளே உட்கார்ந்து வேலை செய்து வைத்திருந்தான். ஊர்க் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பவன். அவள் தொடர்கதை எழுதும் தளம் அவன் செய்ததில்லை. ஆனால் எந்தப் பக்கமும் பிரவுசருக்குள் வந்துவிட்டால் அதன் நிறத்தையும் எழுத்தையும் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டை நிரல் வழியாகத் தொடலாம். விதி சேர்க்கலாம், எண்ணைச் சொல்லி எடுக்கலாம். அவளுடைய லேப்டாப்பில் மட்டும் அப்படித் தெரியும். ஊருக்கெல்லாம் மாறாது.

தனியாக ஒரு ஷீட் வைத்து அதில் நான்கு விதிகள் எழுதியிருந்தான். அங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்.

பூஜ்யம்: கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து.

ஒன்று: எழுத்து தடிமனாக.

இரண்டு.

மூன்று: எழுத்து பெரிதாக.

இரண்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

கண் கட்டியிருந்த நாட்களில் அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்தான். கதைக்குக் கீழே வாசகர்கள் எழுதியதையும் அவன்தான் உரக்க வாசித்துக் காட்டினான். அருமை அக்கா. அடுத்த பகுதி எப்போது அக்கா. ராத்திரி தூக்கம் போச்சு அக்கா.

தெய்வசிகாமணி என்று ஒருவர். ஓர் அத்தியாயம் விடமாட்டார். எதிலும் ஒரு குறை இருக்கும் அவருக்கு.

போன வருடம் அவர் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு, மழைக்காலம் முழுக்க அவள் ஒரு வரி எழுதவில்லை. வீட்டில் ரேடியோகூட ஓடவில்லை.

ஆகவே வாசிக்கும்போது அவரைத் தாண்டிப் போய்விடுவான்.

இரண்டாம் எண்ணுக்கும் அதுதான் வேலை. தெய்வசிகாமணி எழுதியது எதுவும் திரையில் வராது. வராத இடம்கூடத் தெரியாது.

கறுப்போடு தடிமனையும் எடுக்கச் சொன்னாள். யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம். எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதுமாம்.

அடுப்பில் பால் இருந்தது.

பூஜ்யத்தை எடு என்று எழுதினான். ஒன்றை எடு என்று எழுதினான். பக்கம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு ஓடினான்.

காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. தடிமன் அப்படியே இருக்கிறதாம்.

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

பூஜ்யம் போனதும் மற்றதெல்லாம் ஓர் இடம் முன்னால் வந்திருக்கும். பஸ்ஸில் முன்சீட்காரர் இறங்கினால் பின்னால் இருப்பவர் நகர்ந்து உட்காருகிற மாதிரி. தடிமன் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. ஒன்றில் வந்து உட்கார்ந்தது பழைய இரண்டு.

அதைத்தான் எடுத்திருக்கிறான்.

கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். எத்தனையோ பேருக்கு அவனே சொன்னதுதான்.

காபியோடு வந்தான். கதையைத் தாண்டிப் பின்னூட்டங்கள் வரை இறங்கியிருந்தாள். விரல் வரிவரியாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றிருந்தது.

பெரிதாக, தடித்த எழுத்தில், தெய்வசிகாமணி.

‘போன அத்தியாயத்தில் காரியம் முடிந்த பெரியப்பா இந்த அத்தியாயத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்கிறார். எழுதுகிறவர் தூங்கிவிட்டாரா?’

அந்த விதியைத் திரும்பச் சேர்க்க ஒரு வரி போதும். எழுத்து ஒழுங்காகவில்லை, கொடு, சரிசெய்கிறேன் என்று லேப்டாப்பை வாங்கிவிடலாம்.

அவள் தோள் குலுங்கியது.

அவன் டம்ளரை மேசையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

கண்ணைத் துடைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. துடைக்காமல், வழிய விட்டு, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாயசத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள். மறுபடி சிரித்தாள்.

பிறகு, திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே:

“நீங்க வாசிக்கறப்ப நடுநடுவுல எச்சில் முழுங்குவீங்க. அங்கெல்லாம் இந்த மனுஷன்தானா?”

அவன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

பெரியப்பாவைக் கனவில் வரவழைத்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். தடிமனை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

வாங்கிக்கொண்டான். விரல் கொஞ்ச நேரம் விசைகளின் மேல் நின்றது.

பூஜ்யத்தை எடு என்று எழுதினான். வேறு எதுவும் எழுதவில்லை.

தடிமன் போயிற்று. தெய்வசிகாமணி மற்றவர்களைப் போலவே, அக்கா என்று அழைத்த இருவருக்கு நடுவே, சாதாரண எழுத்தில் நின்றார்.

அவன் அவளிடமே திருப்பி வைத்தான்.