சின்னவள் படங்கள்

"இந்தக் கூத்தை வந்து பாருங்க. முந்நூத்திப் பன்னெண்டு!"

பெரியவள் டேப்லெட்டைக் கணவனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். 'இடமில்லைன்னு சொல்லுது, என்னன்னு பாரும்மா' என்று அம்மா அதை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

திரை முழுக்கத் தங்கை சின்னவள். வீடியோ காலில் பேசும்போது பிடித்த ஸ்கிரீன்ஷாட்கள். சின்னவள் சிரிக்கிறாள், கொட்டாவி விடுகிறாள், நெட் சிக்கியதில் வாயைப் பிளந்தபடி நிற்கிறாள். அதைக்கூட விடவில்லை அம்மா!

"அத்தை ஆசையா எடுத்து வெச்சிருக்காங்க. உனக்கென்ன?"

"எனக்கென்னவா? ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தணும்னு சொல்லிக் குடுத்தவளே நான்தான். ஒரு வாரம் என் உயிரை வாங்கிக் கத்துக்கிட்டாங்க. டாக்டர் அனுப்புற மருந்துச் சீட்டைப் பிடிச்சு வைக்கன்னுல்ல நினைச்சேன்!"

"வயிறு எரியுதோ?"

"எரியாதா பின்னே? கண்ணாடிக் கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து, ஒவ்வொரு வீடியோ கால் அப்பவும் அம்மாவுக்குப் பின்னால நின்னு சிக்கெடுத்துத் தலை பின்னி விடுறது நான். படம் பிடிச்சு வைக்கிறது அவளை. ஒப்புக்காவது என் படம் ஒண்ணு இருக்கான்னு பாருங்க!"

கணவன் தேடிப் பார்த்தான். இல்லை.

பொறாமைதான், அது அவளுக்கே தெரிந்தது. அடுத்த வாரம் அம்மா விமானம் ஏறுகிறாள். இனிமேல் சின்னவள் வீட்டோடுதான். முழங்கால் வைத்தியத்துக்கு அங்கேதான் வசதியாம். பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

"நேர்லயே பார்க்கப் போறாங்க. படம் எதுக்கு?"

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். "ஏய், இரு!" என்று கணவன் பதறுவதற்குள் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி வந்தாள்.

"இடம் வந்துச்சாம்மா?"

"தாராளமா வந்துச்சு. உன் செல்லப் பொண்ணு படத்தையெல்லாம் தூக்கிட்டேன்."

அம்மா டேப்லெட்டை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. அதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போற? அவதான் இனிமே உன் கண்ணெதிர்லயே இருக்கப் போறாளே!"

"அவளை யாருடி எடுத்தா?" அம்மா காலித் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "அந்தப் படத்துல எல்லாம் மூலையில ஒரு சின்னக் கட்டத்துல நான் தெரிவேன்ல, அதுல எனக்குப் பின்னால நீ நிப்ப. போட்டோன்னாலே எழுந்து ஓடுறவ, தலை பின்னும்போது மட்டும்தான்டி ஓடாம நின்ன. அங்க போனப்புறம் உன் முகத்தைப் பார்க்கணும்னா, எனக்கு அதை விட்டா வேற என்ன இருந்துச்சு?"