பூஜ்ஜியத்துக்குக் கீழே

லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தான்களை வெறித்தபடி நின்றார் அப்பா.

“மைனஸ் ரெண்டை அமுக்குங்கப்பா,” என்றாள் ஏழாவது படிக்கும் மகள்.

“பூஜ்ஜியத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல? அதுக்குக் கீழ என்ன எண் வேண்டிக்கிடக்கு?”

“ஐயோ அப்பா! நேத்துதான் கிளாஸ்ல நடத்தினாங்க. எண்கோட்டுல பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கமும் எண்கள் இருக்கு. மைனஸ்னா இல்லாதது கிடையாது. அதுவும் மெய்யெண்தான். கோட்டுல அதுக்கும் ஓர் இடம் இருக்கு.”

“அப்படியா?”

“சத்தியமா. ரெண்டு எண்ணுக்கு நடுவுலகூட எண்கள் இருக்கு. எண்ணி முடிக்கவே முடியாது.”

“வாத்தியாரம்மா சொன்னா சரிதான்,” என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். கடைசியில் அவளே அமுக்கினாள்.

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. எதிரே நின்ற மருத்துவமனை ஊழியர் அவளைப் பார்த்துத் தயங்கினார்.

“பாப்பா இங்கேயே நிக்கட்டும் சார். நீங்க மட்டும் வாங்க. துணியை விலக்குறேன். உங்க வீட்டம்மாதானான்னு பார்த்துச் சொல்லிடுங்க.”

அப்பா உள்ளே போய்த் திரும்பி வந்தார். அவள் கையைப் பிடித்து லிஃப்ட்டுக்குக் கூட்டிப்போனார்.

லிஃப்ட் மேலே ஏறியபோது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அம்மா அங்கேர்ந்து பூஜ்ஜியத்துக்கு வரணும்னா, நடுவுல இருக்கிற எல்லா எண்ணையும் தாண்டணும்ல?”

“ஆமாம்மா.”

“அதை எண்ணி முடிக்கவே முடியாதேப்பா.”

லிஃப்ட் பூஜ்ஜியத்தில் வந்து நின்று கதவைத் திறந்தது. இருவரும் இறங்கவில்லை.