விபத்தில்லா நாட்கள்

"பெட்டியைத் திறங்க சார். எத்தனை தடவை கேக்கறது?" என்றாள் அக்கா.

மேற்பார்வையாளர் நிமிரவில்லை. பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரி வருகிறார். அதற்காகப் பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அச்சகத்தின் பைண்டிங் கூடத்தில், தாள்கட்டின் மேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். அதிகாரிக்காகச் சுவரோரமெல்லாம் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். துடைத்துக்கொண்டிருந்தவளைக் குளவிகள் கொட்டிவிட்டன. புறங்கையில் ஒன்று, மணிக்கட்டில் இரண்டு.

அக்கா பதறவில்லை. வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். சுண்ணாம்போடு வந்தவரையும் பசையோடு வந்தவரையும் விரட்டினாள். ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி வைத்தாள். ஆனால் தங்கைக்குக் கழுத்துவரை தடிப்பு ஏறியது. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை ஓர் அலர்ஜி மாத்திரையாவது கொடுக்கலாம். சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் அது மூன்றாவதாக இருந்தது. சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தது.

மருந்தை எடுத்தால் விபத்து என்று எழுத வேண்டும். எழுதினால், வாசல் பலகையில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள் 412' பூஜ்யமாகிவிடும்.

"குளவி கொட்டுறது விபத்துல சேராதும்மா," என்றார். "மெஷின்ல கை மாட்டினாத்தான் விபத்து."

"அப்ப அவ கையை மெஷின்ல விடச் சொல்லவா?"

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். வெளியே மரம் இருக்கிறது, அங்கிருந்துதான் வருகின்றன, சன்னலைச் சாத்துங்கள் என்றார் அவர். பிறகு குரலைத் தணித்தார்.

"திங்கட்கிழமை தவறாம நானே திறந்து, மாத்திரையெல்லாம் எண்ணிக் கையெழுத்துப் போடறேன். ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசி குத்திய விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் புத்தகம் தைத்தவள். ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கேட்டதில்லை.

"உதடு மரத்துப்போற மாதிரி இருக்குக்கா," என்றாள் தங்கை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெண்கள் தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். மாத்திரையோடு வருகிறேன், ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா சுத்தியலை எடுத்தாள்.

"உன் வேலை போயிடும்மா."

"போகட்டும் சார்."

இரண்டே அடி. பூட்டு தெறித்தது. கதவு தானாகவே திறந்துகொண்டது.

உள்ளே ஒரு மாத்திரைகூட இல்லை. பின்பலகையின் விரிசலில் தொடங்கி, தட்டுகளே தெரியாதபடி, ஆற அமரக் கட்டிய குளவிக்கூடுதான் இருந்தது.