பிரிஸ்க் என்றால்?

“பிரிஸ்க்குன்னா என்ன டீச்சர்? பிஸ்கட் மாதிரி ஏதாவதா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தாள். பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு அது. நூலக மாடியில் இருபது பேர். எல்லோர் கையிலும் ஒரு ஆங்கிலச் செய்தியின் நகல். தினமும் நடந்தால் மூளைக்கு என்ன நன்மை என்று ஒரு பத்தி. அதிலிருந்து பத்து வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும்.

கேட்டது முதல் பெஞ்சு அம்மா. வயது அறுபதை ஒட்டி இருக்கும். வகுப்பில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வாயைத் திறந்தாலே இப்படித்தான். போன வாரம் ‘மசில்’ என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தை ஏப்பம் விட்டாள்.

“பிரிஸ்க்குன்னா விறுவிறுப்பு. பிரிஸ்க் வாக்னா வேகமான நடை. நேத்தே சொன்னேனேம்மா.”

“அப்படியா? மண்டையில நிக்கவே மாட்டேங்குது.”

மறுபடியும் சிரிப்பு. அந்தம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பக்கத்தில் இருந்த அவள் கணவர் சிரிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தால் உட்காருவார், எழுதிக்கொள்வார், போவார். இன்று அவர் கை மெதுவாக மேலே வந்தது.

“டிலேன்னா... தள்ளி... தள்ளிப்போடறதா டீச்சர்?”

“கரெக்ட் சார். உடற்பயிற்சி மறதியைத் தள்ளிப்போடும்னு போட்டிருக்காங்க.” டீச்சர் அந்தம்மா பக்கம் திரும்பினாள். “பக்கத்துலயே இருக்காரே, சாரைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?”

“கத்துக்கறேன் டீச்சர்.”

வகுப்பு முடிந்தது. கணவர் முன்னால் படியிறங்கிப் போக, டீச்சர் அந்தம்மாவை மட்டும் நிறுத்தினாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உங்களால மத்தவங்க பாடம் கெடுது. காலையில ஆரம்ப வகுப்பு ஒண்ணு நடக்குது. ஏ, பி, சி-யில இருந்து சொல்லித் தருவாங்க. அங்க மாறிக்கோங்க. இதுதான் ஃபார்ம். நானே எழுதித் தரட்டுமா?”

“வேண்டாம், குடுங்க.”

நின்றபடியே மடமடவென்று எழுதி நீட்டினாள்.

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். காரணம் எழுதும் இடத்தில் நான்கு வரி ஆங்கிலம். இதே வகுப்பில் தொடர அனுமதி கேட்டிருந்தாள். ஒரு கமாகூட இடம் மாறவில்லை. டீச்சர் இரண்டாவது தடவையும் படித்தாள்.

“இவ்வளவு இங்கிலீஷ் எங்க படிச்சீங்க?”

“பள்ளிக்கூடத்துல இருபத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் இப்படி?”

அந்தம்மா படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. பேச்சு திரும்பிடுச்சு, ஆனா வார்த்தை சட்டுனு வர மாட்டேங்குது. தினம் நடக்கணும், புதுசா ஏதாவது படிக்கணும், நாலு பேர் நடுவுல பேசணும்னு டாக்டர் சொன்னார். வீட்ல நான் சொல்லிக்கொடுத்தா சண்டையில முடியுது. அதான் இங்க அனுப்பினேன்.”

“சாரோட வார்த்தை தடுமாறுதுன்னு நான் கவனிக்கவே இல்லையே.”

“எப்படித் தெரியும்? இன்னைக்கு முன்னாடி அவர் பேசினது ஒரே ஒரு தடவைதானே. முதல் நாள் அவர் தனியா வந்தார். ஒரு சந்தேகம் கேட்டு, பாதியில வார்த்தை சிக்கி நின்னுட்டார். வகுப்பு சிரிச்சுது. நீங்களும் லேசா சிரிச்சீங்களாம். வீட்டுக்கு வந்து நோட்டை அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டார். மறுநாள் நானும் கூடச் சேர்ந்தேன்.”

டீச்சர் ஃபார்மை இரண்டாக மடித்தாள்.

“இன்னைக்குத்தான் திரும்ப வாயைத் திறந்திருக்கார். இன்னும் ஒரு மாசத்துக்கு எல்லாரும் என்னைப் பார்த்தே சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும் டீச்சர்.”