பனாமாவிலிருந்து கொண்டுவந்த சொல்

ஒஹாயோவில் எங்கள் மாணவர் சகோதரச் சங்க விடுதியின் சமையலறையில் மாலை வெயில் படர்ந்திருக்கிறது. பிரிக்கப்படாத பயணப்பைகளில் பனாமாவின் செம்மண் ஒட்டியிருக்கிறது. அங்கு நடந்த தலைமைப் பயிற்சியில், அன்பை வாய்விட்டுச் சொல்லப் பழகினோம். தன் தந்தையிடம் ஒருமுறைகூட அதைச் சொல்லியிராத வெஸ்லி, இப்போது அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கியிருக்கிறான். நாங்கள் நால்வர் மேசையைச் சூழ்ந்து நிற்கிறோம். "என்னடா, காரை இடிச்சிட்டியா?" என்கிறார் தந்தை. "சொல்லித் தொலைடா" என்று எங்களில் ஒருவனான கைலர் கிசுகிசுக்கிறான். "இல்லப்பா... வந்து, எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்ப்பா." வெஸ்லியின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றுகின்றன. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று தந்தை தணிந்த குரலில் கேட்கிறார். "நாலு பேர் இருக்காங்கப்பா." "அவனுங்களைக் காதைப் பொத்திக்கச் சொல்லு." நாங்கள் பொத்திக்கொள்கிறோம், ஒருவனும் விரலை விலக்கவில்லை. வெஸ்லியின் கண்கள் மெல்ல நிறைகின்றன.