உதைக்கிற மாடு

"கூடப்பிறந்த தங்கச்சின்னுகூடப் பார்க்காம, உதைக்கிற மாட்டைத் தலையில கட்டிட்டானே! மனுஷனா அவன்?"

மாடு வந்து இறங்கிய அன்றே தெரு முழுக்க இதுதான் பேச்சு.

டெம்போவிலிருந்து அண்ணன் நொண்டிக்கொண்டே இறங்கியதை எல்லோரும்தான் பார்த்தார்கள். வலது முழங்காலில் தலையணை மாதிரி ஒரு கட்டு.

"உதைச்சிடுச்சும்மா. அதான் பாதி விலைக்குத் தர்றேன். உன் கையில இருக்கிறதுக்கு இதுதான் வரும். இஷ்டம்னா வச்சுக்கோ" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடியபிறகு, வளையலை விற்றுச் சேர்த்த காசு அது. கொட்டகை நிறைய மாடு வைத்திருக்கும் அண்ணன், "காசே வேணாம், ஒண்ணை ஓட்டிட்டுப் போ" என்றுதான் முதலில் சொன்னார். அவள்தான், "இனாமா கொடுத்தா உன் வாசல்லயே கொண்டாந்து கட்டிட்டுப் போயிடுவேன் அண்ணா" என்று வீம்பு பிடித்தாள்.

அதற்காக இப்படியா பழிவாங்குவது?

"கறக்கிறதுக்கு முன்னாடி பின்னங்கால் ரெண்டையும் கயித்தால கட்டிடு. மாட்டுக்கு வலப்பக்கம்தான் உட்காரணும். நான் பழக்கின பக்கம் அதுதான், மாத்தி உட்கார்ந்தா கிட்டயே விடாது" என்று சொல்லிவிட்டு, நொண்டியபடியே போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் கறக்க உட்காரும் முன், கட்டிய கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வாளியை எட்டி உதைத்துவிட்டால் பிழைப்பே போச்சு. "ஒரு நாள் பால் வராட்டியும் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று டீக்கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாடு உதைக்கவில்லை. மறுநாளும் உதைக்கவில்லை. அவள் கழுத்தைச் சொறிந்துவிட்டாள், பேச்சுக் கொடுத்தாள், தவிட்டில் கொஞ்சம் வெல்லம் போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் கயிறு அறுந்துபோக, வேறு வழியில்லாமல் கட்டாமலேயே உட்கார்ந்தாள். மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. வாளி நிறைந்து நுரை வழிந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணனையே நொண்டியாக்கின மாடு, என்கிட்ட எப்படி நிக்குது பார்த்தீங்களா? எல்லாம் கைராசி!" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டாள். அவரும் தலையாட்டினார். ஆட்டாமல் இருந்தால் வீட்டில் இருக்க முடியுமா?

வருஷம் திரும்புவதற்குள், பால் காசிலேயே இரண்டாவது மாடு வாங்கிவிட்டாள். சந்தையில் பேரம் பேசி, முழு விலை கொடுத்து.

அடுத்த வாரம் பால் கேனோடு அவள் நுழைந்ததும், டீக்கடைக்காரர் கடையில் இருந்தவர்களிடம் குரலை உயர்த்தினார்.

"இந்தம்மாவைப் பாருங்கய்யா! அண்ணன்காரன் வேணும்னே உதைக்கிற மாட்டைத் தள்ளிவிட்டான். அதையே அடக்கி, இன்னைக்கு ரெண்டு மாட்டுக்காரி ஆயிடுச்சு. அந்த ஆளு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்?"

நேற்றாக இருந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்திருக்கும். ஆனால் இன்று காலை கறந்துகொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் உறைத்துவிட்டது. கறந்து முடித்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல், மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கேனை இறக்கி வைத்தாள்.

"நான் எதையும் அடக்கலைங்க. அந்த மாடு யாரையும் உதைச்சதே இல்ல. புதுசா வாங்கினது அது கறக்கிறதுல பாதிகூடக் கறக்கல. எங்கண்ணன் கொட்டகையிலயே உசத்தியான மாட்டை எனக்குக் கொடுத்திருக்காரு."

"அப்புறம் எதுக்கும்மா அந்தக் கட்டு, நொண்டல் எல்லாம்? நாங்க கண்ணால பார்த்தோமே!"

"சும்மா கொடுத்தா இந்தத் திமிர்பிடிச்சவ வாங்கமாட்டான்னுதான்" என்றவள் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த மாட்டுக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்து கறக்கணும். அப்படி உட்கார்ந்தா, மாட்டோட பின்னங்கால் நம்ம இடது முழங்காலை ஒட்டித்தான் இருக்கும். உதைச்சா அங்கதான் படும். எங்கண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல பாருங்க, பாவம்... வலது முழங்கால்ல கட்டுப் போட்டுட்டு வந்து நின்னாரு!"