பிடிமண்

விமானம் தரையைத் தொட்டதுமே பக்கத்து இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

எனக்கு மண்டை குடைந்தது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் என்னால் இருக்க முடியாது. கேட்டேவிட்டேன்.

பெயர் சங்கிலிப்பாண்டி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். நேற்று ரயிலில் சென்னைக்குப் போய், இன்று விமானத்தில் திரும்புகிறார். சென்னையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

“பிளேன் நிக்கிற இடத்துலதான் அண்ணாச்சி எங்க சாமி இருந்தாரு. டிக்கெட் எடுக்காம உள்ள விட மாட்டாவ.”

முன்பெல்லாம் நாளுக்கு ஒரு விமானம் வந்தாலே அதிசயம். கூட்டம் பெருகப் பெருக, விமான நிலையம் பருத்திக்காடுகளை விழுங்கிக்கொண்டு நீண்டது. அவர்கள் சாமியான மாடசாமியின் பீடத்தை வேலிக்கு வெளியே நகர்த்தினார்கள். அவசரத்தில் கல்லை எடுத்தவர்கள், பிடிமண் எடுக்க மறந்துவிட்டார்கள்.

பழைய இடத்து மண் ஒரு பிடியாவது வந்தால்தானே சாமியும் கூட வரும்?

அதற்குப்பின் எந்தக் கொடைத் திருவிழாவிலும் சாமியாடி மேல் அவர் இறங்கவில்லை. மேளக்காரர்களுக்குக் கை வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த மாதம் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். விமானத்திலிருந்து குழாய் மாதிரி ஒரு பாலம் வழியாக நேரே உள்ளே போய்விடலாம். கால் தரையில் படாது. அதற்குள் எடுக்காவிட்டால் இனி வழியில்லை.

படியிறங்கி நடந்தோம். தார் முடிகிற ஓரத்தில் சங்கிலிப்பாண்டி தடுக்கி விழுந்தார். பாதுகாப்புக்காரர் பதறி ஓடிவந்து தூக்கிவிட்டார். அப்படியொரு நடிப்பை நான் பார்த்ததில்லை.

எழுந்தபோது அவருடைய வலது கை மூடியிருந்தது.

வெளியே அவர் மனைவி உமாதேவி மஞ்சள் துணியை விரித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி தேடுகிற சாக்கில் நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கை திறந்தது. மண் சிவப்பாக இருந்தது.

“இது எங்கிருந்தோ கொண்டாந்து கொட்டுன செவல் மண்ணுல்லா. நம்ம கரிசல் மண்ணு பிளேனத் தாங்காதுன்னு அம்புட்டையும் அப்பவே தோண்டித் தள்ளிட்டாவல்ல. சும்மா குடுக்காவன்னு, கொத்தனார் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, நம்ம வீட்டுக்குத் தரை ஒசத்த அந்தக் கரிசலத்தான...”

உமாதேவி பாதியில் நிறுத்திவிட்டார்.

சங்கிலிப்பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

உமாதேவி இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.